நைஜீரியாவின் தேசியக் கால்பந்துக் கோப்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் கோப்பை? ஒரே போட்டிக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

நைஜீரியா முழுவதிலும் உள்ள அணிகள் மோதும் நாக் அவுட் கால்பந்துப் போட்டியைப் பற்றியது இந்தப் பக்கம். ஒரு தோல்வியோடு வெளியேறிவிட வேண்டிய இந்தப் போட்டி 1945இல் 'ஆளுநர் கோப்பை' என்ற பெயரில் தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் அது 'சேலஞ்ச் கோப்பை' ஆனது. பிறகு எஃப்.ஏ. கோப்பை என்றும், குளிர்பான நிறுவனம் விளம்பரதாரராக இருந்த ஆண்டுகளில் கோகோ கோலா எஃப்.ஏ. கோப்பை என்றும், அதன்பின் ஃபெடரேஷன் கோப்பை என்றும், 2017 முதல் சில ஆண்டுகள் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கி அய்ட்டியோ கோப்பை என்றும் அழைக்கப்பட்டது. இப்போது அதற்கு 'அதிபர் ஃபெடரேஷன் கோப்பை' என்று பெயர். பிரிட்டிஷ் ஆளுநரில் தொடங்கி நாட்டின் அதிபர் வரை வந்து நிற்கும் இந்தப் பெயர் வரிசையைப் பார்த்தால், பணமும் அதிகாரமும் எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தன என்பது ஓரளவு விளங்கிவிடும். வென்ற அணிகளின் பட்டியல் அதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது என்பது என் கருத்து. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலை ஒட்டியே செல்கின்றன.

1945க்கு முன் நைஜீரியாவில் கோப்பைப் போட்டிகளே நடக்கவில்லையா?

நடந்தன, ஆனால் அவை லாகோஸ் நகரத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அங்கே 'போர் நினைவுக் கோப்பை' என்றொரு போட்டி இருந்தது. 1942இல் அதை வென்ற அணி 'சிக்ஸ் அத்லெட்டிக் கிளப்'. பத்திரிகையாளராகவும் விடுதலை இயக்கத் தலைவராகவும் விளங்கி, பின்னாளில் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரான நம்டி அசிகிவே 1938இல் தொடங்கிய சங்கம் அது. போர் ஆண்டுகளில் அந்த அணி நாட்டின் பல நகரங்களுக்கும் சென்று ஆடியது. அதைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தின் முன் அசிகிவே அரசியல் பேசினார். கூட்டம் போட அனுமதி கிடைப்பது அரிதாக இருந்த காலனி நாட்டில் கால்பந்து ஆட்டத்துக்கு அந்தத் தடை இல்லை.

எனவே 1945இல் ஆளுநரின் பெயரால் ஒரு கோப்பை வந்தபோது, பந்தைச் சுற்றி மக்கள் கூடுவது ஆட்சியாளர்களுக்கும் புதிய செய்தியாக இருந்திருக்காது.

நைஜீரியக் கால்பந்துச் சங்கமும் அதே 1945இல்தான் பிறந்ததா?

நெடுங்காலம் அப்படித்தான் சொல்லப்பட்டு வந்தது. 1933ஆம் ஆண்டு லாகோஸ் செய்தித்தாள்களில் சங்கத்தின் தொடக்கக் கூட்டம் பற்றிய செய்திகள் கண்டெடுக்கப்பட்ட பிறகு, சங்கத்தின் வயதை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிட வேண்டும் என்ற வாதம் வலுப்பெற்றது. கோப்பையின் பிறந்த ஆண்டைப் பற்றி அப்படிப்பட்ட சர்ச்சை எதுவும் இல்லை.

தொடக்க காலத்தில் வென்றவர்கள் யார்?

முதல் கோப்பையை வென்றது லாகோஸின் மரைன் அணி. காலனி அரசின் கடல் துறையில் வேலை பார்த்தவர்களின் அணி அது. மறு ஆண்டு லாகோஸ் ரயில்வே வென்றது. 1947இல் கோப்பை மீண்டும் மரைன் வசமானது. 1948, 1949, 1951 ஆகிய ஆண்டுகளில் ரயில்வே. இடையில் 1950இல் வென்ற யு.ஏ.சி., மேற்கு ஆப்பிரிக்க வணிகத்தில் கோலோச்சிய யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் அணி. 1952இல் பான் பேங்க் என்ற இன்னொரு லாகோஸ் அணி வென்றது. அதாவது முதல் எட்டு ஆண்டுகளும் கோப்பை லாகோஸை விட்டு நகரவே இல்லை. வென்றவர்கள் அனைவரும் ஏதோ ஒரு துறைக்கோ நிறுவனத்துக்கோ ஆடியவர்கள்.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காசு வாங்கி ஆடும் முறையான தொழில்முறைக் கால்பந்து அப்போது இல்லை. ஆட்டக்காரனுக்கு வேண்டியது மாதச் சம்பளம் தரும் ஒரு வேலை, பயிற்சிக்குப் போக அனுமதி தரும் ஒரு மேலதிகாரி, காலணியும் சீருடையும் வாங்கித் தரும் ஒரு நிர்வாகம். துறைமுகமும் ரயில் தலைமையகமும் பெரிய வணிக நிறுவனங்களும் லாகோஸில் இருந்ததால் இவை மூன்றும் அங்கேதான் ஒருசேரக் கிடைத்தன. நன்றாக ஆடும் இளைஞன் எந்த ஊரில் இருந்தாலும், ரயில்வேயில் ஓர் எழுத்தர் வேலையோ பட்டறை வேலையோ அவனை லாகோஸுக்கு இழுத்துவிடும். 1956, 1957, 1964 ஆகிய ஆண்டுகளிலும் வென்ற ரயில்வே, மொத்தம் 7 முறை கோப்பையைக் கைப்பற்றியது. மின்சாரக் கழகத்தின் அணியான இ.சி.என். 1960, 1965, 1970 ஆகிய ஆண்டுகளில் வென்றதும் இதே கதையின் தொடர்ச்சிதான்.

லாகோஸுக்கு வெளியே முதன்முதலில் கோப்பையை எடுத்துச் சென்ற ஊர் எது?

கனோ. வடக்கில் உள்ள அந்தப் பழம்பெரும் வணிக நகரத்தின் அணி 1953இல் வென்றது. அடுத்த ஆண்டு தென்கிழக்குக் கடலோர நகரமான கலபார், அதற்கடுத்த ஆண்டு போர்ட் ஹார்கோர்ட். மூன்றே ஆண்டுகளில் கோப்பை நாட்டின் மூன்று மூலைகளுக்குப் போய்விட்டது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லாகோஸில் துறைகளும் நிறுவனங்களும் தனித்தனி அணிகளை அனுப்பின. மற்ற ஊர்களோ தங்களிடம் இருந்த சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, ஊர் பெயரிலேயே ஓர் அணியைக் களமிறக்கின. ஓர் ஊரின் மொத்தத் திறமையும் ஒரே அணியில் திரண்டபோதுதான் லாகோஸின் பிடி தளர்ந்தது. போர்ட் ஹார்கோர்ட் 1958, 1963 ஆண்டுகளிலும், இபாதான் லயன்ஸ் 1959, 1961, 1966, 1969 ஆண்டுகளிலும் வென்றன.

இந்தக் கோப்பையில் ஆடிப் பெயர் பெற்ற பழைய ஆட்டக்காரர்களில் யாரை அறிந்திருக்க வேண்டும்?

ஒருவரை மட்டும் சொல்ல வேண்டுமானால் டெஸ்லிம் பலோகுன். அவருடைய உதை வேகத்தைப் பார்த்து ரசிகர்கள் 'தண்டர்', அதாவது இடி, என்று பட்டம் கொடுத்தார்கள். ஆளுநர் கோப்பைக் காலத்தின் பெரிய அணிகள் பலவற்றுக்கும் ஆடியவர் அவர். 1949இல் நைஜீரியத் தேர்வு அணி ஒன்று கப்பலேறி இங்கிலாந்து சென்று, அங்குள்ள அமெச்சூர் அணிகளோடு வரிசையாக ஆட்டங்கள் ஆடியது. எட்டிம் ஹென்ஷா தலைமையில் சென்ற அந்த அணியிலும் பலோகுன் இருந்தார். வீரர்களில் பலர் வெறுங்காலோடும், காலில் துணிக்கட்டு மட்டும் போட்டும் ஆடியது ஆங்கிலேய ரசிகர்களுக்கு வியப்பாக இருந்தது. தாயகம் திரும்பும் வழியில் அந்த அணி ஃப்ரீடவுனில் இறங்கி சியரா லியோனை 2–0 என்று வென்றது. நைஜீரியாவின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டமாகக் கருதப்படுவது அதுவே.

பலோகுன் பின்னர் இங்கிலாந்து சென்று, 1950களின் நடுவில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக ஆடினார். ஆங்கில லீக் கால்பந்தில் ஆடிய முதல் நைஜீரியர் அவர். லாகோஸின் சுருலேரே பகுதியில் அவர் பெயரில் ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. பிற்காலத்தில் இந்தக் கோப்பையின் இறுதியாட்டங்களும் அங்கே நடந்துள்ளன.

இறுதியாட்டங்கள் வழக்கமாக எங்கே நடந்தன?

தொடக்கக் காலத்தில் லாகோஸ் தீவின் ஒனிகான் பகுதியில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரங்கமே இறுதியாட்டத்தின் வீடாக இருந்தது. விடுதலைக்குப் பிறகு அந்த அரங்கத்தின் பெயரும் சும்மா இருக்கவில்லை: லாகோஸ் நகர அரங்கம் என்றானது, ஒனிகான் அரங்கம் என்றானது, இப்போது லாகோஸ் மாநிலத்தின் முதல் இராணுவ ஆளுநரை நினைவுகூர்ந்து மொபோலாஜி ஜான்சன் அரங்கம் என்று அழைக்கப்படுகிறது. 1973ஆம் ஆண்டு ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டிகளுக்காகச் சுருலேரேயில் தேசிய அரங்கம் கட்டப்பட்ட பின் பெரிய ஆட்டங்கள் அங்கே போயின. இப்போது இறுதியாட்டத்துக்கு நிலையான ஊர் என்று ஒன்றில்லை. அசாபா, கடுனா, பெனின் சிட்டி, லாகோஸ் என்று மாறி மாறி நடக்கிறது.

பயாஃப்ரா போரின்போது கோப்பை நின்றுபோனதா?

இல்லை. 1967 ஜூலை முதல் 1970 ஜனவரி வரை நீடித்த உள்நாட்டுப் போரில், கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்ற பெயரில் பிரிந்து நின்று, முற்றுகையிலும் பட்டினியிலும் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. அதே காலத்தில் லாகோஸில் கோப்பை வழங்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. 1967, 1968 இரண்டு ஆண்டுகளும் வென்றது ஸ்டேஷனரி ஸ்டோர்ஸ். இஸ்ரேல் அடெபாஜோ என்ற தொழிலதிபர் தன் எழுதுபொருள் நிறுவனத்தின் பெயரில் தொடங்கிய அணி. அரசுத் துறையோ வெள்ளையர் கம்பெனியோ பின்னணியில் இல்லாமல், ஓர் ஆப்பிரிக்க முதலாளியின் கைப்பணத்தில் வளர்ந்து கோப்பையைத் தொட்ட முதல் பெரிய அணி என்று அதைச் சொல்லலாம். லாகோஸ் ரசிகர்கள் அதற்கு 'அடெபாஜோ பேப்ஸ்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

அந்த ஆண்டுகளின் வெற்றியாளர் பட்டியலைப் பார்க்கும்போது, கிழக்கின் அணிகள் களத்திலேயே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெறும் பெயர்ப் பட்டியல் அதைச் சொல்லாது.

எனுகு ரேஞ்சர்ஸ் பெயர் ஏன் தனி உணர்ச்சியோடு சொல்லப்படுகிறது?

போர் முடிந்த அதே 1970இல் எனுகுவில் பிறந்த அணி ரேஞ்சர்ஸ். தோற்ற தரப்பின் தலைநகராக இருந்த ஊர் அது. கிழக்கின் இக்போ மக்களில் பலர் வீடும் வேலையும் வங்கிச் சேமிப்பும் இழந்து திரும்பியிருந்த நேரம். அரசு "வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை" என்று அறிவித்திருந்தாலும், அன்றாட வாழ்க்கை அப்படி இருக்கவில்லை. அந்தச் சூழலில் நாட்டின் மற்ற பகுதி அணிகளைச் சமமான விதிகளின் கீழ், நடுவரின் விசிலுக்குக் கட்டுப்பட்டு, தொண்ணூறு நிமிடத்தில் வென்று காட்டக்கூடிய இடம் கால்பந்து மைதானம் ஒன்றுதான். 1974, 1975, 1976 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ரேஞ்சர்ஸ் கோப்பையை வென்றது. இந்தச் சாதனையை வேறெந்த அணியும் எட்டவில்லை. கிறிஸ்டியன் சுக்வு அணித்தலைவர். கோல் கம்பங்களுக்கிடையே நெடிதுயர்ந்து நிற்கும் இம்மானுவேல் ஒக்காலா கோல்கீப்பர். இருவரும் 1980இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற நைஜீரிய தேசிய அணியிலும் இருந்தார்கள், அதற்கும் தலைமை தாங்கியவர் சுக்வுதான்.

1977ஆம் ஆண்டு அரையிறுதியைப் பற்றி இன்றும் பேசுகிறார்களே, அது இந்தக் கோப்பையின் ஆட்டமா?

நேரடியாக அல்ல, ஆனால் இந்தக் கோப்பை இல்லாமல் அது நடந்திருக்காது. நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகளுக்காக ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் 'ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பை' என்ற போட்டியைத் தொடங்கியது. அதன் இரண்டாம் ஆண்டான 1976இல், கமரூனின் டோன்னேர் அணியை 4–1, 0–1 என்று வீழ்த்தி இபாதானின் ஷூட்டிங் ஸ்டார்ஸ் வென்றது. கண்ட அளவில் ஒரு நைஜீரிய அணி வென்ற முதல் கோப்பை இது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: 1975 நாட்டுக் கோப்பையின் இறுதியில் ஷூட்டிங் ஸ்டார்ஸ் ரேஞ்சர்ஸிடம் தோற்றிருந்தது. ரேஞ்சர்ஸ் அதே ஆண்டு லீக் பட்டத்தையும் வென்று, லீக் வெற்றியாளர்களுக்கான ஆப்பிரிக்கப் போட்டிக்குச் சென்றுவிட்டதால், காலியான இடம் தோற்றவர்களுக்குக் கிடைத்தது. தோற்றவர்களே ஆப்பிரிக்கக் கோப்பையோடு திரும்பினார்கள்.

மறு ஆண்டு, நடப்பு வெற்றியாளர் என்ற முறையில் ஷூட்டிங் ஸ்டார்ஸும், 1976 நாட்டுக் கோப்பையை வென்ற முறையில் ரேஞ்சர்ஸும் ஒரே போட்டியில் இறங்கி, அரையிறுதியில் நேருக்கு நேர் வந்தன. மேற்கின் யோருபா மக்கள் ஒருபக்கம், கிழக்கின் இக்போ மக்கள் மறுபக்கம், போர் முடிந்து ஏழே ஆண்டுகள். லாகோஸில் நடந்த முதல் ஆட்டம் 0–0. இரண்டாம் ஆட்டம் இரு தரப்புக்கும் பொதுவான ஊராக வடக்கின் கடுனாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது, அதுவும் 0–0. கடைசியில் டைபிரேக்கரில் ரேஞ்சர்ஸ் 4–2 என்று வென்று, இறுதியில் கேனான் யவுண்டேயையும் எனுகுவில் 4–1, யவுண்டேயில் 1–1 என்று முடித்து ஆப்பிரிக்கக் கோப்பையைக் கொண்டுவந்தது. இரண்டு ஆட்டங்கள், கோலே இல்லை. ஆனாலும் நைஜீரியக் கிளப் கால்பந்தின் மிகப் பெரிய மோதல் எது என்று கேட்டால் பழைய ரசிகர்கள் அந்த இரண்டு 0–0 ஆட்டங்களைத்தான் காட்டுவார்கள்.

லீக் போட்டி இருக்கும்போது நாக் அவுட் கோப்பைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஏனென்றால் தேசிய லீக் 1972இல்தான் தொடங்கியது. அதற்கு முன் 27 ஆண்டுகள், நாட்டின் சிறந்த அணி எது என்பதைத் தீர்மானிக்க இருந்த ஒரே போட்டி இந்தக் கோப்பைதான். முதல் லீக் பட்டத்தை வென்ற ஜோஸ் நகரத்து மைட்டி ஜெட்ஸின் நிலை இதை நன்றாக விளக்கும். அந்த அணி 1972இலேயே கோப்பை இறுதிக்கும் வந்து பெனின் சிட்டி அணியிடம் தோற்றது. 1974 இறுதியில் ரேஞ்சர்ஸிடம் தோற்றது. லீக் வரலாற்றில் முதல் பெயரே அதுதான் என்றாலும், கோப்பை கிடைக்காத அணி என்றே அது நினைவில் நிற்கிறது. ஜோஸ் ரசிகர்களின் காத்திருப்பு, 1999இல் பிளாட்டோ யுனைடெட் வென்றபோதுதான் முடிந்தது.

லெவென்டிஸ் யுனைடெட், அபியோலா பேப்ஸ் என்ற அணிகள் இப்போது எங்கே?

இரண்டுமே இல்லை. 1984 முதல் 1987 வரை நான்கு ஆண்டுகள் கோப்பை இந்த இரண்டு அணிகளுக்கிடையிலேயே கைமாறியது: 1984, 1986 லெவென்டிஸ், 1985, 1987 அபியோலா பேப்ஸ். லெவென்டிஸ் யுனைடெட் இபாதானைச் சேர்ந்தது. கிரேக்க வம்சாவளியினரின் லெவென்டிஸ் வணிகக் குழுமம் நடத்தியது. கீழ்நிலை லீக்குகளிலிருந்து ஆண்டுக்கொரு படியாக ஏறி, முதல் நிலைக்கு வந்த 1984இலேயே லீக் பட்டத்தையும் கோப்பையையும் ஒருசேர வென்றது. மறு ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பையின் இறுதிவரை சென்று, எகிப்தின் அல் அஹ்லியிடம் தோற்றது. ஊதியம், பயிற்சி, தங்குமிடம் அனைத்திலும் நைஜீரிய அணிகளுக்கு முன்மாதிரியாக விளங்கிய அந்த அணியை நிறுவனம் 1987இல் கலைத்துவிட்டது.

அபியோலா பேப்ஸின் உரிமையாளர் எம்.கே.ஓ. அபியோலா. பத்திரிகை, விமானம், வணிகம் என்று பல துறைகளில் செல்வம் சேர்த்த அவர் தம் சொந்த ஊரான அபேயோகுட்டாவில் அணியை நடத்தினார். அவரும் அதே காலகட்டத்தில் விலகிக்கொள்ள, அணி மறைந்தது. 1993 ஜூன் 12 அதிபர் தேர்தலில் வென்றும், இராணுவ ஆட்சி அந்தத் தேர்தலை ரத்து செய்ததால் பதவியேற்க முடியாமல், 1998இல் காவலில் இருக்கும்போதே இறந்த அதே அபியோலாதான் இவர்.

தனியார் பணத்தால் வந்த அணி, அந்தப் பணம் விலகிய மறுநாளே இல்லாமல் போய்விடும் என்பதற்கு இந்த இரண்டும் சான்று. தப்பித்தது ஓவெர்ரியின் அணி மட்டுமே. ஸ்பார்டன்ஸ் என்ற மாநில அரசு அணியை 1980களின் நடுவில் வாங்கிய இம்மானுவேல் இவுவான்யான்வு அதற்குத் தம் பெயரையே வைத்தார்; இவுவான்யான்வு நேஷனல் 1988இல் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. பின்னர் அணி மாநில அரசின் கைக்குத் திரும்பி, ஹார்ட்லாண்ட் என்ற புதிய பெயரில் 2011, 2012 இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்றது.

பி.சி.சி. லயன்ஸ் என்ற பெயரில் உள்ள பி.சி.சி. எது?

பெனுவே சிமென்ட் கம்பெனி. மத்திய நைஜீரியாவில் உள்ள பொக்கோ என்ற சிறிய ஊரின் சிமென்ட் ஆலை அது. அந்த ஆலை அணி 1989, 1993, 1994, 1997 என நான்கு முறை கோப்பையை வென்றது; 1990இல் டுனீசியாவின் கிளப் ஆஃப்ரிக்கேனை 3–0, 1–1 என்று வீழ்த்தி ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பையையும் கொண்டுவந்தது. பயிற்சியாளர் ஷைபு அமோடு. பிற்காலத்தில் பலமுறை தேசிய அணிக்குப் பொறுப்பேற்றவர். மறு ஆண்டும் இறுதிக்குப் போன அணி, ஜாம்பியாவின் பவர் டைனமோஸிடம் தோற்றது. ஆலை கைமாறியபின் அணி தேய்ந்துவிட்டது.

அந்த அணியின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர் அமிர் அங்வே. அவர் பின்னர் கட்டுமான நிறுவன அணியான ஜூலியஸ் பெர்கருக்கு மாறினார். 1995 அக்டோபர் 29 அன்று, ஒனிகான் அரங்கத்தில் மொசாம்பிக்கின் மக்ஸாகேனே அணிக்கு எதிரான ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பை அரையிறுதியில் ஆடிக்கொண்டிருந்தபோதே மைதானத்தில் சரிந்து உயிரிழந்தார். ஜூலியஸ் பெர்கர் அந்த ஆண்டு இறுதியில் அல்ஜீரியாவின் ஜே.எஸ். கபிலியிடம் தோற்றது, 2003இல் மீண்டும் இறுதிக்கு வந்து, முதல் ஆட்டத்தை 2–0 என்று வென்றிருந்தும், டுனீசியாவில் 0–3 என்று எத்துவால் அணியிடம் கோப்பையைப் பறிகொடுத்தது.

இப்போதைய அணிகள் யாருடையவை?

பெரும்பாலும் மாநில அரசுகளுடையவை. 2001, 2004, 2006, 2007 ஆண்டுகளில் வென்ற போர்ட் ஹார்கோர்ட்டின் டால்ஃபின்ஸ் ரிவர்ஸ் மாநில அரசின் அணி. அதே அரசின் இன்னொரு அணியான ஷார்க்ஸோடு அதை 2016இல் இணைத்து ரிவர்ஸ் யுனைடெட் ஆக்கிவிட்டார்கள். 2005, 2009, 2013, 2014இல் வென்ற என்யிம்பா அபியா மாநிலத்தின் ஆதரவில் வளர்ந்தது. 2015, 2017இல் வென்ற அக்வா யுனைடெட்டும் அரசு அணிதான். எண்ணெய் வருமானத்தின் பங்கு மாநிலங்களுக்குப் போகத் தொடங்கிய காலத்தோடு இது ஒத்துப்போகிறது. மாநில ஆளுநர் மாறினால் ஆட்டக்காரர்களின் சம்பளம் நிற்பதும், புதிய ஆளுநருக்குக் கால்பந்தில் விருப்பம் இருந்தால் அணி எழுவதும் இந்த ஏற்பாட்டின் பக்க விளைவுகள். 2016இல் எண்ணெய் வணிகர் ஒருவரின் பெயரையே தாங்கிய எஃப்.சி. இஃபியானி உபா வென்றது விதிவிலக்கு.

சிறிய அணிகள் எப்படித் தேசியச் சுற்றுக்கு வருகின்றன?

முதலில் ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாக ஒரு நாக் அவுட் போட்டி நடக்கும். அதன் இறுதிக்கு வரும் இரண்டு அணிகளும் தேசியச் சுற்றுக்குத் தகுதி பெறும். 36 மாநிலங்கள், தலைநகரப் பகுதியான அபுஜா இரண்டும் சேர்ந்து 74 அணிகள். இதை 64ஆகக் குறைக்க 10 தொடக்க ஆட்டங்கள் நடத்தப்படும். அவற்றுக்கு 'ரூக்கி' ஆட்டங்கள் என்று பெயர். அதன்பின் 64, 32, 16 என்று குறையும். ஆட்டங்கள் இரு அணிகளுக்கும் பொதுவான ஊர்களில் நடக்கும். சொந்த மைதானத்தில் பெரிய அணிகள் தோற்பது மிக அரிதான நாட்டில், இந்தப் பொது மைதான விதியே சிறிய அணிகளுக்குக் கிடைத்திருக்கும் பெரிய சலுகை என்பேன்.

2021இல் பயெல்ஸா யுனைடெட் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபடியே, பெனின் சிட்டியில் நசராவா யுனைடெட்டை டைபிரேக்கரில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. 2025 இறுதிக்கு வந்த அபாகலிகி எஃப்.சி.யும் இரண்டாம் நிலை அணிதான்.

மிகச் சிறந்த இறுதியாட்டம் எது?

இதில் ஆளுக்கொரு பதில் இருக்கும். அண்மைக் காலத்தில் 2018 அக்டோபரில் அசாபாவின் ஸ்டீஃபன் கேஷி அரங்கத்தில் நடந்த ஆட்டத்தை விஞ்ச ஒன்றில்லை என்பது என் முடிவு. கனோ பில்லர்ஸ் 3–0 என்று முன்னிலை பெற்று, கோப்பையில் கை வைத்துவிட்டதாகவே தோன்றியது. ஆட்டம் முடியும் தறுவாயில் ரேஞ்சர்ஸ் மூன்று கோல்களையும் அடுத்தடுத்துத் திருப்பி அடித்து 3–3 ஆக்கியது. டைபிரேக்கரில் 4–2 என்று வென்றது. 1983க்குப் பிறகு 35 ஆண்டுகளாகக் கோப்பையைக் காணாத அணி அது. பில்லர்ஸ் அதிகம் காத்திருக்கவில்லை; மறு ஆண்டு கடுனாவில் நைஜர் டொர்னாடோஸை டைபிரேக்கரில் வென்று, கோப்பையைக் கனோவுக்குக் கொண்டுசென்றது.

பெண்டல் என்ற மாநிலமே இல்லாதபோது பெண்டல் இன்ஷூரன்ஸ் எப்படி?

1991இல் பெண்டல் மாநிலம் எடோ, டெல்டா என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பெனின் சிட்டியின் அணி மட்டும் பழைய பெயரை விடவில்லை. 1972, 1978, 1980இல் வென்ற அந்த அணி, 43 ஆண்டுகள் கழித்து 2023இல் ரேஞ்சர்ஸை 1–0 என்று வீழ்த்தி நான்காம் முறை வென்றது. இறுதியாட்டம் நடந்த அசாபா, ஒருகாலத்தில் அதே பெண்டல் மாநிலத்துக்குள் இருந்த ஊர்.

அடுத்த ஆண்டு வந்த வெற்றியாளருக்கும் நீண்ட காத்திருப்பு இருந்தது. வடகிழக்கில் போர்னோ மாநிலத்தின் மைதுகுரியைச் சேர்ந்த எல் கனெமி வாரியர்ஸ் 1991, 1992 ஆண்டுகளில் தொடர்ந்து வென்ற அணி. போகோ ஹராம் வன்முறை அந்நகரத்தைச் சூழ்ந்தபோது, தங்கள் உள்ளூர் ஆட்டங்களையே வேறு ஊர்களில் போய் ஆட வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. 2024இல் லாகோஸில் அபியா வாரியர்ஸை 1–0 என்று வென்று, 32 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையை மைதுகுரிக்குக் கொண்டுசென்றார்கள்.

அதிக முறை வென்ற அணி எது?

நீங்கள் எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பெயரில் ஆடிய அணிகளை மட்டும் எண்ணினால் லாகோஸ் ரயில்வே 7 முறை வென்று முதலிடத்தில் நிற்கிறது. எனுகு ரேஞ்சர்ஸ் 6. இபாதானின் ஷூட்டிங் ஸ்டார்ஸ் 1971, 1977, 1979, 1995 என 4 முறை வென்றது. இபாதான் லயன்ஸின் நான்கு வெற்றிகளையும் அதே ஊரின் தொடர்ச்சியாகச் சேர்த்தால் 8 ஆகிவிடும். இபாதான் ரசிகர்கள் சேர்த்துத்தான் எண்ணுவார்கள், எனுகு ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பெண்களுக்கும் இந்தக் கோப்பை உண்டா?

உண்டு. பெண்களுக்கான போட்டி தனியாக நடத்தப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் இரண்டு இறுதிகளையும் ஒரே அரங்கில் வைத்துக்கொள்வது வழக்கமாகியிருக்கிறது. 2021இல் பயெல்ஸா குவீன்ஸ் பெண்கள் கோப்பையை வென்ற பிறகு, அதே பெனின் சிட்டியில் பயெல்ஸா யுனைடெட் ஆண்கள் கோப்பையையும் வென்றதால், இரண்டு கோப்பைகளும் ஒரே மாநிலத்துக்குப் போயின.

இப்போது வெல்லும் அணிக்கு என்ன கிடைக்கும்?

ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பை 2003 பருவத்தோடு முடிந்து, 2004இலிருந்து ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் (காஃப்) கான்ஃபெடரேஷன் கோப்பை நடக்கிறது. நாட்டுக் கோப்பையை வெல்லும் அணி அதில் ஆடத் தகுதி பெறும். டால்ஃபின்ஸ் 2005இல் அதன் இறுதிவரை சென்று, மொரோக்கோவின் ஃபார் ரபாத் அணியைச் சொந்த ஊரில் 1–0 என்று வென்றும், ரபாத்தில் 0–3 என்று தோற்றது. 2025இல் அபாகலிகியோடு 1–1 என்று முடிந்த இறுதியை டைபிரேக்கரில் வென்று, முதல்முறையாகக் கோப்பையைத் தொட்ட இலோரின் நகரத்து குவாரா யுனைடெட், அந்த வழியில்தான் 2025–26 கான்ஃபெடரேஷன் கோப்பைக்குத் தகுதி பெற்றது.